என் பக்கத்துப் பிரேக்

உட்காருங்கள் அம்மணி. அந்த இடம் யாருக்கும் இல்லை. என் வீட்டுக்காரி உட்கார்ந்திருக்க வேண்டிய இடம். அவள் இதற்கு முந்திய வண்டியில் போய்விட்டாள். நீங்கள் தாராளமாக உட்காரலாம்.

பெலின்சோனா ஸ்டேஷனில் படிக்கட்டுக்குக் கீழே பெட்டியை வைத்துக்கொண்டு முழித்தபோது, "எங்க ஐயா போகோணும்?" என்று கேட்டீர்களே, அந்தக் குரல் வராவிட்டால் நான் இன்னும் அங்கேதான் நின்றிருப்பேன். இந்த ரயில் பெட்டியின் கதவையும் நீங்கள்தான் திறந்துவிட்டீர்கள். யாழ்ப்பாணப் பக்கமா? பேச்சிலேயே தெரிந்தது. நமக்கு நாமக்கல். என் பெயர் சென்னியப்பன். சென்னியப்பன் டிரைவிங் ஸ்கூல் என்றால் எங்கள் ஊர் ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் டீ ஆற்றுகிறவர்கூட வழி சொல்வார்.

மிலான் வர இன்னும் நேரம் ஆகுமா? ஒன்றுமில்லை, சும்மா கேட்டேன். அங்கே அவள் இறங்கி நிற்கிறாளா இல்லையா என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். நிற்கலாம், நிற்காமல் மேலேயும் போகலாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். போன் அடித்தால் எடுப்பதில்லை. வெளியூரில் தனியாகப் பஸ் ஏறியவள்கூட இல்லை அம்மணி. பாஷை தெரியாத ஊரில் எங்கே நின்று அழுகிறாளோ.

எல்லாம் எதில் போவது என்ற பேச்சில்தான் ஆரம்பித்தது. என் மகள் சுகன்யாவும் மாப்பிள்ளை நவநீதனும் ஸ்டுட்கார்ட்டில் வேலையாக இருக்கிறார்கள். எங்களை வரவழைத்து, லூசெர்ன், மிலான், வெனிஸ் என்று நாலு ஊர் சுற்றிக் காட்டுவதாக ஏற்பாடு. ஊரெல்லாம் முடிவாகிவிட்டது. போவது எதில் என்பதுதான் முடிவாகவில்லை. சாப்பிட்டு முடித்து எல்லாரும் உட்கார்ந்தோம். மாப்பிள்ளை விமானம் என்றார். நேரம் மிச்சம், ஏறினால் இறங்கலாம் என்றார். மேலே போனால் மேகத்தைத் தவிர என்ன தெரியும், ஊருக்கு வெளியே எங்கோ கொண்டுபோய் இறக்குவான், அங்கிருந்து மறுபடி ஒரு வண்டி பிடிக்க வேண்டும் என்றேன். மகள் ரயில் என்றாள். ஒரே சீட்டை வாங்கிக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் ஏறி இறங்கலாமாம். பெட்டியை யார் தூக்குவது என்று கேட்டேன். வண்டி மாறும் இடத்தில் தவறவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். பதில் சொன்னாள், நான்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

கார்தான் என்றேன். பயணம் நம் கையில் இருக்க வேண்டும் அம்மணி. வேண்டிய இடத்தில் நிறுத்தலாம், சோறு கட்டிக்கொண்டு போகலாம். அதோடு இன்னொன்று. அந்த ஊர்க் காரில் டிரைவர் எந்தப் பக்கம் உட்காருகிறார்? இடது பக்கம். டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுப்பவன் எந்தப் பக்கம் உட்காருவான்? அதே இடது பக்கம். படிக்கிறவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பார், என் காலடியில் எனக்கென்று ஒரு பிரேக், ஒரு கிளட்ச் இருக்கும். என் ஆயுசில் பாதி அந்த இடது பக்கத்துச் சீட்டில்தான் கழிந்தது. மற்றவர்களுக்குத்தான் இந்த ஊர் புதுசு, எனக்கென்றே செய்து வைத்த வண்டி என்று சொன்னேன். மாப்பிள்ளை சிரித்தார். புறப்படும் முன்பே நாமக்கல்லில் வெளிநாட்டு லைசென்ஸும் வாங்கி வைத்திருந்தேன்.

என் வீட்டுக்காரி பூங்கோதை அதுவரை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவள் இப்படிப்பட்ட பேச்சில் வாய் திறக்கிற ஆள் இல்லை. அன்றைக்குத் தலையைத் தூக்காமலே, "ரயில்லயே போலாமுங்க. ரயில்ல பக்கத்துல உக்காந்து யாரும் பிரேக் போட முடியாது" என்றாள்.

மகள் களுக்கென்று சிரித்தாள். மாப்பிள்ளை போனைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டார். நான் விளக்கமாகச் சொன்னேன், ரயிலுக்கும் பிரேக் உண்டு, என்ஜினில் இருந்து எல்லாப் பெட்டிக்கும் காற்றுக் குழாய் போகும் என்று. அவளுக்கு அது எங்கே தெரியும், பாவம்.

கடைசியில் கார்தான் முடிவாயிற்று. "மாமா சொன்னாச் சரிதானுங்க" என்று மாப்பிள்ளை எழுந்துவிட்டார். தங்கமான பையன். ஆனால் பாருங்கள், புறப்படுகிற அன்றைக்கு அவருக்கு ஆபீஸில் திடீர் வேலை வந்துவிட்டது. நீங்கள் மூவரும் என் காரில் போங்கள், நான் வெனிஸுக்கு விமானத்தில் வந்து சேர்ந்துகொள்கிறேன் என்றார். எத்தனை ஏமாற்றமாக இருந்திருக்கும் அவருக்கு.

என்ன, காலா? ஆட்டவில்லை, சும்மா ஊன்றினேன். இந்த வளைவில் வண்டி கொஞ்சம் வேகமாகத் திரும்புகிற மாதிரி இல்லை?

முதல் நாள் நான்தான் ஓட்டினேன். மகள் வேண்டாம் என்றாள். நான் சாவியைக் கையில் வாங்கிக்கொண்டேன். ஊருக்குள் எல்லாம் நன்றாகத்தான் ஓட்டினேன். அவர்களுடைய பெரிய ரோட்டில் ஏறுகிற இடத்தில் வண்டிகள் பறந்துகொண்டு வருகின்றன, நாம் நுழைய வேண்டும். கியரை மாற்ற வேண்டும் என்று என் இடது கால் கிளட்ச்சை அழுத்தியது. அந்த வண்டியில் கிளட்ச்சே கிடையாது அம்மணி, கியர் தானாக மாறும். அந்த இடத்தில் அகலமாக ஒரு பிரேக்தான் இருக்கிறது. அடித்து வைத்த ஆணி மாதிரி வண்டி நின்றுவிட்டது. பின்னால் வந்த வேன் எங்கள் முதுகில் மூச்சு விடுகிற தூரத்தில் நின்றது.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பின் சீட்டில் பூங்கோதை மடியில் வைத்திருந்த புளிசாதத் தூக்குதான் திறந்துகொண்டது. சேலையெல்லாம் சோறு. நான் திரும்பி, "தூக்கை ஒழுங்கா மூட மாட்டியா?" என்று கேட்டேன். அவள் லூசெர்ன் வரும்வரை ஒவ்வொரு பருக்கையாகப் பொறுக்கிக்கொண்டே வந்தாள். வண்டியைச் செய்தவன் மேல்தான் தப்பு. கிளட்ச் இருக்க வேண்டிய இடத்தில் பிரேக்கை வைத்தால்?

வண்டி நின்ற அந்த இடத்திலிருந்தே மகள் ஓட்டினாள். நான் பக்கத்துச் சீட்டுக்கு வந்தேன். இந்த ஊரில் பக்கத்துச் சீட் என்றால் வலது பக்கம். அதுதான் எனக்குப் பிடிபடவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருத்தலாம் என்று வலது கையை நீட்டினால் கதவில் இடிக்கிறது. காலடியில் வெறும் மிதியடி. அழுத்தினால் ஒன்றும் நடப்பதில்லை. ஒன்றும் நடக்காத இடத்தில் உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? வாயால்தான் ஓட்ட வேண்டியிருந்தது. மெதுவா, இடைவெளி விடு, கண்ணாடியைப் பாரு. "அப்பா, நான் இங்க தினமும் ஓட்டறம்ப்பா" என்றாள். தினமும் ஓட்டுகிறவர்கள்தான் இடிக்கிறார்கள் என்றேன்.

நீங்கள் ஓட்டுவீர்களா? ஓ, வேலைக்கே காரில்தான் போவீர்களா. இந்த ஊரில் கற்றுக்கொண்டீர்களா? சொல்லிக்கொடுத்தவர் எத்தனை தரம் பிரேக் போட்டார்? ஒரு தரமும் போடவில்லையா? அப்படியானால் அவர் கவனிக்கவில்லை என்று அர்த்தம்.

என் வீட்டுக்காரிக்கா? அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. நாமக்கல்லில் பாதிப் பெண்களுக்கு நான்தான் கார் கற்றுக்கொடுத்தேன். டாக்டரம்மா, டீச்சரம்மா, முட்டைக் கம்பெனிக்காரர் மருமகள் எல்லாரும் என் கையில்தான் எட்டுப் போட்டுப் பழகினார்கள். பூங்கோதையும் கல்யாணமான புதிதில் கேட்டாள். "உனக்கு எதுக்கு, நான் இருக்கறனல்ல" என்றேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை. கடைக்கு, கோயிலுக்கு, அவள் தங்கை வீட்டுக்கு என்று எங்கே போனாலும் நானே கொண்டுபோய் விடுவேன், நானே கூட்டிக்கொண்டு வருவேன். தங்கை வீட்டில் பேச்சு நீண்டால் வாசலில் ஒரு ஹாரன் அடிப்பேன். வந்துவிடுவாள். ரோட்டைக்கூடத் தனியாகத் தாண்டவிட்டது கிடையாது. அவ்வளவு பத்திரமாக வைத்திருந்தேன்.

லூசெர்னில் ராத்தங்கினோம். ஏரியை ஒட்டியே ஸ்டேஷன். நான் கார் டயரில் காற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன், அம்மாவும் மகளும் ஸ்டேஷனுக்குள் போய் வெகுநேரம் நின்றார்கள். என்ன பார்த்தாய் என்று பூங்கோதையைக் கேட்டேன். "ரயிலு" என்றாள். அவ்வளவுதான்.

மறுநாள், அதாவது இன்றைக்குத்தான், அந்தச் சுரங்கம். மலையைக் குடைந்து காருக்கென்று போட்டிருக்கிறார்கள், நீங்கள் போயிருப்பீர்கள். உள்ளே நுழைந்தால் வெளிச்சம் என்பதே மஞ்சள் விளக்குதான். ஒரே குகை, போகிற வண்டியும் வருகிற வண்டியும் அதற்குள்ளேயே. நடுவில் ஒரு கோடு மட்டும். எனக்கு வலது பக்கத்துச் சுவர் தோளில் உரசுகிற மாதிரி இருந்தது. காலை அழுத்தினேன், ஒன்றும் நடக்கவில்லை. மகள் கோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தாள். 

அப்போது எதிரே ஒரு லாரி. ட்ரெய்லர் கட்டிய பெரிய லாரி. இரண்டு விளக்கும் நேராக என் கண்ணுக்கு. நான் கத்தினேன். எத்தனையோ பேருக்குச் சொன்னதுதான், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வதுதான்.

"லெஃப்ட்ல ஒதுங்கு!"

அவள் ஒதுங்கினாள்.

உங்களுக்குப் புரிகிறதா அம்மணி? நம் ஊரில் லாரி வந்தால் இடது பக்கம் ஒதுங்க வேண்டும். இந்த ஊரில் இடது பக்கம்தான் லாரி வருகிற பக்கம். என் மகள் காலேஜில் சேர்ந்த வருஷம் என்னிடம் கார் கற்றுக்கொண்டவள். இத்தனை வருஷம் கழித்து, வேறு நாட்டில், அவள் மூளை யோசிக்கும் முன்பே கை என் சொல்லுக்குத் திரும்பிவிட்டது. கோட்டைத் தாண்டிவிட்டோம். லாரிக்காரன் ஹாரன் அடித்தான். சுரங்கத்துக்குள் அந்தச் சத்தம் எப்படி இருக்கும்? நெஞ்சுக்குள்ளேயே அடித்த மாதிரி இருந்தது. எப்படியோ திருப்பிவிட்டாள். லாரியின் நீளம் முழுக்க எங்கள் கண்ணாடியை ஒட்டியே போயிற்று, போய்க்கொண்டே இருந்தது.

ஆனால் ஒன்று கவனியுங்கள். சொன்ன மாத்திரத்தில் செய்தாள் பாருங்கள், அதுதான் பயிற்சி. அதை நான் அவளிடம் சொல்லவும் செய்தேன். சுரங்கத்தைவிட்டு வெளியே வந்து மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஊரில் வண்டியை ஓரம் கட்டியிருந்தாள். வண்டி நின்ற பிறகும் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். "பாத்தியா, அப்பன் சொல்லிக்குடுத்தது உன் கையை விட்டுப் போகல" என்றேன். தைரியம் வரட்டும் என்றுதான் சொன்னேன். அவள் கோவென்று அழுதுவிட்டாள்.

அப்போதுதான் பின் கதவு திறந்தது. பூங்கோதை இறங்கினாள். டிக்கியைத் திறந்து அவள் பையை மட்டும் எடுத்துக்கொண்டாள். அழவில்லை. மகளின் பக்கம் வந்து அவள் தலையைத் தடவி, "நீ காரைக் கொண்டா சாமி, மெதுவா. நான் ரயில்ல போயிக்கறேன்" என்றாள். எதிரே ஸ்டேஷன். அது அங்கே இருப்பது எனக்குத் தெரியாது, அவளுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனிலேயே சீட்டு எடுத்தாள். இரண்டு பேருக்குமா என்று கேட்டேன். "நீங்களும் கார்ல வேண்டாம்ப்பா. நீங்க உள்ள இருந்தா என்னால ஓட்ட முடியாது" என்றாள்.

சரி, சேர்ந்து போகலாம் என்று பெட்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். வண்டி வந்து நின்றுவிட்டது. அவள் ஏறிவிட்டாள். நானும் படியில் கால் வைத்தேன். அவள் உள்ளே இருந்து கையை நீட்டி என் நெஞ்சில் வைத்தாள். தள்ளவில்லை. சும்மா வைத்தாள்.

"இதுல வேண்டாமுங்க. அடுத்த வண்டில வாங்க. ஒரு வண்டி நேரமாச்சும் நான் தனியாப் போறேன்."

"உனக்கு என்ன தெரியும்? எங்க எறங்குவ, எங்க நிப்ப?" என்று கேட்டேன்.

"மிலான்ல நிக்கறதா, மேல வெனிஸுக்கே போறதான்னு வழில யோசிச்சுக்கறேன். நின்னன்னா உங்களோட வருவேன். நிக்கலைன்னா மாப்பிள்ளை வந்து கூட்டிக்குவாரு. ஊருக்கும் அப்புறம் நானே போயிக்குவேன்."

நானே போயிக்குவேன் என்கிறாள். கதவு மூடிக்கொண்டது. காலை எடுத்துவிட்டேன், இல்லாவிட்டால் மாட்டியிருக்கும்.

நானும் அடுத்த வண்டி வரும்வரை, அப்புறம் அது என்னைப் பெலின்சோனாவில் மாறச் சொல்லி இறக்கிவிடும்வரை யோசித்துப் பார்த்தேன். நான் என்ன செய்தேன்? கத்தினேன், அவ்வளவுதான். ஆபத்து வந்தால் கத்தாமல் இருக்க முடியுமா? மகளுக்கும் போன் அடித்துப் பார்த்துவிட்டேன், எடுக்கவில்லை. ஓட்டும்போது எடுக்கக் கூடாது என்று சொல்லிக்கொடுத்ததும் நான்தான்.

ஏன் வண்டி நிற்கிறது? எல்லையா? போலீஸ் ஏறுகிறார்களே. பாஸ்போர்ட் கேட்பார்களா?

ஐயோ, அம்மணி. அவள் பாஸ்போர்ட் என்னிடம் இருக்கிறதே! இரண்டையும் ரப்பர் பேண்ட் போட்டு என் இடுப்புப் பையில்தான் வைத்திருக்கிறேன். ஊரில் இருந்து கிளம்பிய நாள் முதல் அவள் கையில் கொடுத்ததே இல்லை, தொலைத்துவிடுவாள் என்று. முந்திய வண்டியும் இங்கேதான் நின்றிருக்கும். அவளைக் கேட்டிருப்பார்கள். இறக்கிவிட்டிருப்பார்கள். அங்கே பிளாட்பாரத்தில் யாராவது சேலை கட்டி நிற்கிறார்களா, பாருங்களேன். நான் சொன்னேனே, தனியாகப் போகாதே என்று சொன்னேனே.

இருங்கள், அவர் கேட்கிறார், எடுக்கிறேன்.

இதோ என்னுடையது. அவளுடையதையும் காட்டுகிறேன், நீங்கள் அவர் பாஷையில் சொல்லுங்கள், முந்திய வண்டியில் போன அம்மாவின்...

இல்லை.

ஒன்றுதான் இருக்கிறது. ரப்பர் பேண்ட் இருக்கிறது, என்னுடையது இருக்கிறது. அவளுடையது இல்லை.

ஆமாம், கொடுத்துவிட்டார், போய்விட்டார். நன்றி சொன்னேனா நான்? சொல்லவில்லையா? பரவாயில்லை.

நல்லதாகப் போயிற்று என்கிறீர்கள். அவளிடம் இருக்கிறது, அதனால் தடையில்லாமல் போயிருப்பாள் என்கிறீர்கள். நல்லதுதான். நான் நல்லதில்லை என்று சொல்லவில்லை. ஆனால் எப்போது எடுத்தாள்? இந்தப் பை என் இடுப்பைவிட்டு இறங்குவதே குளிக்கும்போதுதான். கடைசியாகக் குளித்தது லூசெர்னில். இன்றைக்குக் காலையில்.

காலையில் சுரங்கம் வரவே இல்லையே அம்மணி. லாரியும் வரவில்லை. நான் கத்தவும் இல்லை.

அவள் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். சூடா இருக்குதுங்களா என்று கேட்டாள். முகத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை.

வெளியே பார்க்கிறேன். ஆமாம், ஏரிதான். அழகாகத்தான் இருக்கிறது. அவளும் இந்தப் பக்கத்து ஜன்னலில் உட்கார்ந்திருந்தால் பார்த்திருப்பாள். வெயில் படுகிறது, திரையை இழுத்துவிடு என்று நான் சொல்லியிருப்பேன். இன்றைக்குச் சொல்ல ஆள் இல்லை, பார்த்திருப்பாள்.

ஊரெல்லாம் நெருக்கமாக வருகிறதே. மிலானா? இதுவேதானா? எத்தனை தண்டவாளம். வேகத்தைக் குறைக்க வேண்டாமா இவன்? குறைக்கிறான். தானாகவே குறைக்கிறான். தெரிகிறது, நான் காலை எடுத்துவிட்டேன்.

அம்மணி, ஒரு உதவி. நீங்கள் ஜன்னல் பக்கம் இருக்கிறீர்கள், பாருங்கள். எனக்குப் பார்க்க மனசு வரவில்லை. அரக்குச் சேலை, அதன்மேல் மகளுடைய சாம்பல் கோட்டு. தோளில் ஒரு பச்சைப் பை. குள்ளமாக இருப்பாள். ஓரமாக எங்கேயாவது சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், கூட்டம் என்றால் பயம். இல்லையா? நன்றாகப் பாருங்கள். தூணுக்குப் பின்னால்? போய்விட்டாளா?

நடுவிலா? நடுவிலா நிற்கிறாள்? கையில் என்ன? காப்பியா? யார் வாங்கிக்கொடுத்தார்கள்? அவளேவா?

இந்தப் பெட்டியை நான் எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் முன்னால் போங்கள். இல்லை, நான் முன்னால் போகிறேன். நின்றுவிட்டதா? நின்றுவிட்டது. கைப்பிடி எங்கே? இந்தக் கதவுக்குக் கைப்பிடியே இல்லையே. தள்ளினால் அசையவில்லை. இழுக்க ஒன்றும் இல்லை. பெலின்சோனாவில் நீங்கள் திறந்தீர்கள், நான் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு யார் திறந்துவிட்டார்கள்?

பார்த்துவிட்டாள். இங்கேதான் வருகிறாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கிறாள். கையைக் காட்டுகிறாள், பாருங்கள். பொறுமையா, பொறுமையா என்று உள்ளங்கையைக் கீழே அமர்த்துகிறாள். புதிதாக ஸ்டியரிங் பிடிப்பவர்களுக்கு நான் காட்டுவது அப்படியே இதுதான். இப்போது பக்கவாட்டில் எதையோ காட்டுகிறாள். பச்சையாக ஒரு பொத்தான்.

நீங்கள் தொடாதீர்கள் அம்மணி. வெளியே இருந்து திறக்க அந்தப் பக்கமும் ஒன்று இருக்கிறது, அது அவள் கையருகேதான் இருக்கிறது. அவள் தொடாமல் நிற்கிறாள். நானாக அழுத்தட்டும் என்று காத்துக்கொண்டிருக்கிறாள்.